சராசரியைத் தொட்ட ஊர்

நியூ ஜெர்சியின் ஏழை நகரம் ஒன்றின் அரசுப் பள்ளிகள், மாநிலத்தின் மற்ற பள்ளிகளுக்குச் சமமாக வந்து நின்றது எப்படி?

நியூ ஜெர்சியில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள், சமையலறையைப் பார்ப்பதற்கு முன்பே பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்த்துவிடுகின்றன. எடிசனா, பிளைன்ஸ்பரோவா என்று தொடங்கும் பேச்சு "ஸ்கூல் ரேட்டிங் எவ்வளவு?" என்ற கேள்வியில் போய் நிற்கும். பத்துக்கு ஒன்பது என்றால் வீட்டு விலை ஏறும். நான்கு என்றால் அந்த ஊரே பேச்சிலிருந்து போய்விடும். அப்படிப் பேச்சில் அடிபடாத ஊர்களில் ஒன்று யூனியன் சிட்டி. கல்வி ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து எழுதிய ஊரும் அதுதான்.

ஹட்சன் ஆற்றுக்கு மேற்கே, செங்குத்தான பாறைமேட்டின் மீது இருக்கிறது யூனியன் சிட்டி. எதிர்க்கரையில் மன்ஹாட்டனின் வானளாவிய கட்டடங்கள். ஊரின் பரப்பு மூன்றே கால் சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதற்குள் 2020 கணக்கெடுப்பின்படி 68,589 பேர் வாழ்கிறார்கள். அமெரிக்காவிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த நகரங்களில் இதுவும் ஒன்று. வெஸ்ட் ஹோபோக்கன், யூனியன் ஹில் என்ற இரண்டு ஊர்கள் 1925-இல் ஒன்றாகி உருவான நகரம் இது. ஒரு காலத்தில் எம்பிராய்டரித் தொழிலுக்குப் பேர்போனது. அந்தத் தறிகளை நம்பி ஜெர்மானியரும் சுவிஸ்காரரும் இத்தாலியரும் வந்தார்கள். கியூபப் புரட்சிக்குப் பிறகு கியூபர்கள் வந்து குவிந்தார்கள். 'ஹட்சன் கரை ஹவானா' என்றே ஊருக்குப் பட்டப்பெயர் விழுந்தது. பின்னர் டொமினிக்கன் குடியரசு, எக்வடார், கொலம்பியா, மத்திய அமெரிக்க நாடுகள் என்று வரவு தொடர்ந்தது. தொழிற்சாலைகள் மூடிக்கொண்டே போயின. இன்றைக்கும் பெர்கன்லைன் அவென்யூவில் கடைப்பலகை முதல் பேரம் வரை எல்லாம் ஸ்பானிய மொழியில்தான் நடக்கிறது.

அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தை நடத்துவது ஊர். நியூ ஜெர்சி போன்ற சிறிய மாநிலத்திலேயே ஏறத்தாழ 600 கல்வி மாவட்டங்கள் உண்டு. பெரும்பாலும் ஊருக்கு ஒன்று. ஆசிரியரை நியமிப்பது, பாடத்திட்டம் வகுப்பது, பட்ஜெட் போடுவது எல்லாம் அந்தந்த ஊர்க் கல்விக் குழு. செலவின் பெரும்பகுதி அந்த ஊரின் சொத்து வரியிலிருந்து வர வேண்டும் என்பதே பழைய ஏற்பாடு. இதில் உள்ள அநியாயத்தைப் புரிந்துகொள்ள பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. பெரிய பெரிய வீடுகள் உள்ள ஊரில் சிறு விகித வரியே கஜானாவை நிரப்பிவிடும். யூனியன் சிட்டி போன்ற வாடகைக் குடித்தன ஊரில் எவ்வளவு வரி போட்டாலும் போதாது.

மாநிலக் கல்வித் துறையே இந்த ஏற்றத்தாழ்வை எழுத்துபூர்வமாக ஒப்புக்கொண்டிருந்தது. வருமானம், படிப்பு, வேலை, வறுமை போன்றவற்றைக் கணக்கிட்டு எல்லாக் கல்வி மாவட்டங்களையும் 'ஏ' முதல் 'ஜே' வரை எட்டுப் பிரிவுகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 'ஏ' என்றால் பரம ஏழை, 'ஜே' என்றால் பெரும் பணக்காரர். மாநிலத் தேர்வு முடிவுகளை இந்தப் பிரிவு வாரியாக அடுக்கினால், 'ஏ'-யிலிருந்து 'ஜே' வரை மதிப்பெண் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். யூனியன் சிட்டி 'ஏ' பிரிவு. அதனால் அதன் முடிவுகளும் அடியில்தான் இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். 1989-இல் அப்படித்தான் இருந்தது. மாநில அரசு சோதித்த 52 அம்சங்களில் 44-இல் யூனியன் சிட்டி தோற்றது.

அதே ஆண்டுதான் பக்கத்து ஜெர்சி சிட்டியின் பள்ளிகளை மாநில அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. ஒரு நகரத்தின் முழுக் கல்வி நிர்வாகத்தையும் ஒரு மாநிலம் பறித்துக்கொண்டது அமெரிக்க வரலாற்றில் அதுவே முதல் முறை. 1991-இல் பேட்டர்சன், 1995-இல் நியூவார்க் என்று அந்த வரிசை நீண்டது. யூனியன் சிட்டியின் பெயரும் அதில் சேர்ந்திருக்க வேண்டியது. "திருத்திக் காட்டுகிறோம்" என்று கேட்டு வாங்கிய அவகாசத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் ஃப்ரெட் காரிக். அதுவரை இருமொழிக் கல்விப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இந்தத் தேர்வு தற்செயலாக இருந்தாலும் அதில் ஓர் உண்மை இருந்தது: யூனியன் சிட்டியில் நான்கில் மூன்று பிள்ளைகளின் வீட்டில் ஸ்பானிய மொழி மட்டுமே புழங்குகிறது. அப்படிப்பட்ட ஊரில் இருமொழிக் கல்வியை ஓரமாக வைத்துவிட்டு மற்றதைத் திருத்த முடியாது. காரிக்கின் குழுவில் வகுப்பறை ஆசிரியர்கள் இருந்தார்கள். பாடத்திட்டத்தை வெளியிலிருந்து வாங்கி வந்து திணிக்காமல் அவர்களே உட்கார்ந்து எழுதினார்கள். ஒரே ஆண்டில் எல்லா வகுப்பையும் புரட்டிப்போடவும் இல்லை. முதலில் மழலை வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை. அந்தப் பிள்ளைகள் மேலே ஏற ஏற, பாடத்திட்டமும் அவர்களோடு மேலே ஏறியது.

என்ன மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் மிகச் சாதாரணமாகத்தான் இருக்கும். பயிற்சித் தாள்களையும் மனப்பாடப் பாடநூலையும் பின்னுக்குத் தள்ளி, ஒவ்வொரு வகுப்பிலும் கதைப் புத்தகங்களை நிரப்பினார்கள். வாசிப்புக்கும் எழுத்துக்கும் நீண்ட பாடவேளை ஒதுக்கினார்கள். பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து பேசிப் படிக்கும்படி மேசைகளைத் திருப்பினார்கள். வகுப்புக்கு வகுப்பு, பள்ளிக்குப் பள்ளி ஒரே பாதையில் பாடம் நகரும்படி பார்த்துக்கொண்டார்கள். வாடகைக்கு வீடு மாறிக்கொண்டே இருக்கும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கடைசி அம்சம் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஸ்பானிய மொழி மட்டுமே தெரிந்து வரும் பிள்ளைக்கு முதலில் ஸ்பானிய மொழியிலேயே எழுத்தும் வாசிப்பும். அது நன்றாகப் பிடிபட்ட பிறகு, ஆளுக்கு ஏற்ற வேகத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றம். வாசிக்கும் திறன் ஒருமுறைதான் வருகிறது. ஒரு மொழியில் வந்துவிட்டால் அடுத்த மொழிக்கு அதைக் கொண்டுபோகலாம் என்பது இதன் அடிப்படை. பிள்ளை ஆங்கிலத்தில் திணறுவதை அறிவுக் குறை என்று எடுத்துக்கொண்டு சிறப்புக் கல்விக்கு அனுப்பிவிடும் கொடுமை எத்தனையோ ஊர்களில் நடந்திருக்கிறது. யூனியன் சிட்டியில் ஆசிரியர்கள் பலர் அதே தெருக்களில் வளர்ந்தவர்கள், அதே மொழி பேசுகிறவர்கள். எந்தப் பிள்ளைக்கு மொழிச் சிக்கல், எந்தப் பிள்ளைக்கு வேறு சிக்கல் என்று பிரித்துப் பார்க்க அவர்களால் முடிந்தது.

1990-களின் நடுவில் முடிவுகள் தெரியத் தொடங்கின. தொலைபேசி நிறுவனமான பெல் அட்லாண்டிக், கிறிஸ்டஃபர் கொலம்பஸ் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பள்ளியிலும் வீட்டிலும் கணினி கொடுத்து ஒரு சோதனை நடத்தியது. இணையம் அமெரிக்க வீடுகளுக்கே புதிதாக இருந்த காலம் அது. 1996 பிப்ரவரியில் அதிபர் கிளின்டனும் துணை அதிபர் அல் கோரும் அந்தப் பள்ளிக்கு வந்தார்கள். செய்தித்தாள்கள் கணினியைக் கொண்டாடின. ஆனால் ஆரம்ப வகுப்புகளின் மதிப்பெண் ஏறியதற்குக் காரணம் அதற்கும் முன்பே தொடங்கிய வாசிப்புப் பணிதான் என்பது அந்த ஊர் ஆசிரியர்களுக்குத் தெரியும்.

பணம் எங்கிருந்து வந்தது?

இது நியூ ஜெர்சியின் தனிக்கதை. 1875-இல் அந்த மாநில அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள்: 5 முதல் 18 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுமையான, திறம்பட நடக்கும் இலவசப் பள்ளிகளை அரசு நடத்த வேண்டும். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் கிடந்தது அந்த வரி. 1973-இல் ராபின்சன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அதைக் கையில் எடுத்தது. சொத்து வரியை நம்பிய பள்ளி நிதி ஏற்பாடு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சட்டமன்றம் இழுத்தடித்தது. 1976 ஜூலையில் பள்ளிகளுக்குப் பணம் செலவிடவே நீதிமன்றம் தடை போட்டது. கோடைக்காலப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு வாரத்தில் சட்டமன்றம் பணிந்தது. நியூ ஜெர்சிக்கு மாநில வருமான வரி வந்ததே இப்படித்தான். ஒரு நீதிமன்றம் ஏழைப் பிள்ளைகளுக்காக இவ்வளவு பிடிவாதமாக நின்றது அபூர்வம்.

அப்படியும் இடைவெளி மூடவில்லை. 1981-இல் கேம்டன், ஈஸ்ட் ஆரஞ்ச், இர்விங்டன், ஜெர்சி சிட்டி ஆகிய நான்கு நகரங்களின் இருபது பிள்ளைகள் சார்பில் எஜுகேஷன் லா சென்டர் என்ற சட்ட அமைப்பு வழக்குப் போட்டது. அபட் எதிர் பர்க். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடி, இருபதுக்கும் மேற்பட்ட தீர்ப்புகளைக் கண்ட வழக்கு. 1990-இல் வந்த தீர்ப்பு, ஏழை நகரப் பள்ளிகளுக்குப் பணக்காரப் புறநகர்ப் பள்ளிகளுக்கு இணையாகப் பணம் கிடைக்க வேண்டும் என்றது. யூனியன் சிட்டியும் அந்த ஏழை நகரங்களில் ஒன்று. திருத்தத் திட்டம் தயாராக இருந்த நேரத்தில் பணமும் வந்து சேர்ந்தது. ஆளுநர் ஃப்ளோரியோ வரியை ஏற்றினார். 1993 தேர்தலில் மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழைப் பிள்ளையின் படிப்புக்காக அரசியல்வாதி ஒருவர் பதவியை விலையாகக் கொடுத்ததும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

1998-இல் அதே வழக்கின் ஐந்தாவது தீர்ப்பு இன்னும் ஒரு படி போனது. ஏழை நகரங்களில் 3, 4 வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தரமான இலவச பிரீ-ஸ்கூல் தர வேண்டும். 2000-இல் வந்த அடுத்த தீர்ப்பு அதற்கான தரத்தையும் வகுத்தது: ஒரு வகுப்பில் 15 பிள்ளைகளுக்கு மேல் கூடாது. பட்டமும் ஆசிரியர் சான்றிதழும் பெற்ற ஒருவர், கூடவே ஓர் உதவியாளர். தனியார் மையமோ அறக்கட்டளை மையமோ, எங்கே நடந்தாலும் இதே நிபந்தனை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடமாக இருந்ததைப் பள்ளியாக்கிய நிபந்தனை இது.

இந்த ஊர்களில் அனுமதிக்கப்பட்ட பாடமுறைகளில் ஹைஸ்கோப் ஒன்று. அந்த முறையில் நடக்கும் வகுப்பில் காலையில் ஒவ்வொரு பிள்ளையும் தான் என்ன செய்யப் போகிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். கட்டைகளை வைத்துப் பாலம் கட்டப் போகிறேன் என்கிறது ஒரு குழந்தை. ஆசிரியை விடமாட்டார். யார் போக? கார் போகுமா, ஆள் நடப்பாரா? எத்தனை கட்டை வேண்டும்? அந்தக் குழந்தை ஸ்பானிய மொழியில் பதில் சொன்னாலும் உரையாடல் தொடரும். பிறகு பாலம் எழும், சரியும், மறுபடி எழும். கடைசியில் வட்டமாக உட்கார்ந்து, என்ன நடந்தது என்று அந்தக் குழந்தை விவரிக்க வேண்டும். திட்டமிடு, செய், திரும்பிப் பார். மூன்று வயதில் 'அ', 'ஆ' எழுதவில்லையே என்று கவலைப்படும் பெற்றோருக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். அந்த ஒரு மணி நேரத்தில் அந்தக் குழந்தை பேசிய வாக்கியங்களை எண்ணிப் பார்த்தால் கவலை போய்விடும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மழலைக் கல்வி ஆய்வு நிறுவனம் இந்தப் பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பு வரை பின்தொடர்ந்தது. பிரீ-ஸ்கூலில் பெற்ற முன்னேற்றம் தேய்ந்துபோகாமல் நின்றது. ஒரே வகுப்பில் தங்கிவிடுவதும் சிறப்புக் கல்விக்கு அனுப்பப்படுவதும் குறைந்தன.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் கிர்ப், யூனியன் சிட்டி வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்து 2013-இல் ஒரு நூல் எழுதினார். அப்போது அவர் பதிவு செய்த நிலவரம் இது: 2011-இல் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் 89.5 சதவீதம். அன்றைய தேசிய சராசரியைவிட ஏறத்தாழ பத்துப் புள்ளி அதிகம். முடித்தவர்களில் நான்கில் மூன்று பேர் கல்லூரிக்குப் போனார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து உயர்நிலை வரை தேர்வு மதிப்பெண்கள் மாநில சராசரியை ஒட்டி வந்திருந்தன.

சராசரிதானா என்று கேட்கலாம். நியூ ஜெர்சியின் சராசரி என்பது லேசுப்பட்டதல்ல. அமெரிக்க தேசிய மதிப்பீட்டுத் தேர்வுகளில் மாசசூசெட்ஸோடு சேர்ந்து முன்வரிசையில் நிற்கும் மாநிலம் அது. அந்த சராசரிக்குள் 'ஜே' பிரிவு ஊர்களின் மருத்துவர், வங்கியாளர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெற்றோர் இருவரும் இரண்டு வேலை பார்க்கிற, ஆங்கிலம் புழங்காத வீட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். பணக்கார ஊர் முதலிடம் பிடிப்பதைவிட இது பெரிய வெற்றி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2011-இல் பள்ளியை முடித்த பிள்ளைகள் 1998 வாக்கில் மழலை வகுப்பில் சேர்ந்தவர்கள். நீதிமன்றம் கட்டளையிட்ட பிரீ-ஸ்கூல் முழுமையாக வருமுன்னே அவர்கள் அந்த வயதைக் கடந்துவிட்டார்கள். ஆகவே இந்த வெற்றியை பிரீ-ஸ்கூலின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. 1990-இல் தொடங்கிய வகுப்பறை வேலைக்கே அதில் பெரிய பங்கு.

பணத்தின் கணக்கில் மட்டும் எழுதவும் முடியாது. அபட் வழக்கில் பயன்பெற்ற ஊர்கள் 31. ஒரே தீர்ப்பு, ஒரே விதிகள். ஆனால் ஒரே விளைவு வரவில்லை. கேம்டன் பள்ளிகளை 2013-இல் மாநில அரசு எடுத்துக்கொண்டது. நியூவார்க்குக்கு 2010-இல் ஃபேஸ்புக்கின் மார்க் சக்கர்பெர்க் 10 கோடி டாலர் தருவதாக ஓப்ரா வின்ஃப்ரே நிகழ்ச்சியில் அறிவித்தார்; பள்ளிகளை மூடுவது, அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளைப் பெருக்குவது, ஆசிரியருக்கு ஊக்கத்தொகை என்று அதிரடியாகத் திட்டங்கள் பாய்ந்தன; பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். யூனியன் சிட்டி பள்ளிகளைக் கூண்டோடு மூடவில்லை, ஆசிரியர்களைக் கொத்தாக வீட்டுக்கு அனுப்பவில்லை. இருக்கிற ஆசிரியரைத் தேற்றியது. வலுவான ஆசிரியரைத் தடுமாறுகிறவரின் பக்கத்தில் உட்கார வைத்தது. மாநிலக் கல்வித் துறையில் அபட் ஊர்களைக் கவனித்த கார்டன் மெகின்னஸும் 2009-இல் எழுதிய நூலில் ஏறத்தாழ இதையே சொல்கிறார்: வழி எளிமையானது, நடப்பதுதான் கடினம்.

நடக்க முடிந்ததற்கு அரசியலும் ஒரு காரணம். கல்விக் குழு உறுப்பினர்களை நியமிப்பவர் மேயர். 2000 முதல் பிரையன் ஸ்டாக் மேயராக இருக்கிறார். 2008 முதல் மாநில செனட்டரும் அவரே. ஒரே கையில் இவ்வளவு அதிகாரம் குவிவதில் ஆபத்து உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தலைமை மாறி, புதியவர் பழையதைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கும் நகரங்களோடு ஒப்பிட்டால் இந்த நிலைத்தன்மை பிள்ளைகளுக்கு உதவியது. 2009-இல் பழைய ரூஸ்வெல்ட் ஸ்டேடியம் இருந்த இடத்தில் புதிய உயர்நிலைப் பள்ளி எழுந்தது. எமர்சன், யூனியன் ஹில் என்று தலைமுறைகளாக எதிரும் புதிருமாக இருந்த இரண்டு பள்ளிகள் அதில் ஒன்றாயின. ஊரில் மைதானத்துக்கு இடம் ஏது? கட்டடத்தின் கூரைமேல் கால்பந்து மைதானம் போட்டார்கள். ஏழை ஊர்ப் பிள்ளை மன்ஹாட்டனின் உச்சிகளைப் பார்த்தபடி பந்து விளையாடலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பள்ளி முடித்தவர்களின் விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நியூ ஜெர்சியில் இறுதித் தேர்வில் தவறியவர்கள் மாற்று மதிப்பீடு வழியாகவும் சான்றிதழ் பெறலாம், அந்த வழியை ஏழை நகரங்களே அதிகம் பயன்படுத்தின. அபட் ஊர்களில் பொதுவாக ஆரம்ப வகுப்பில் கிடைத்த முன்னேற்றம் மேல் வகுப்புகளில் அதே வேகத்தில் தொடரவில்லை. பதினைந்து வயதில், இடையில் படிப்பு அறுந்துபோய், ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாமல் வந்து சேரும் பிள்ளைக்கு பிரீ-ஸ்கூலும் இல்லை, மூன்றாம் வகுப்பு வாசிப்பும் இல்லை. நான்கு ஆண்டில் அவனை மாநிலத் தேர்வுக்குத் தயார் செய் என்பது எந்தப் பள்ளிக்கும் பெரும்பாடு. 2015-இல் 'பார்க்' என்ற கடினமான புதிய மாநிலத் தேர்வு வந்தபோது மாநிலம் முழுக்கவே மதிப்பெண் சரிந்தது. கொரோனாவுக்குப் பின் இன்னொரு சரிவு: ஆங்கிலத்தில் எதிர்பார்த்த தரத்தை எட்டியவர்கள் 2019-இல் மாநில அளவில் ஏறத்தாழ 58 சதவீதம், 2022-இல் 49.

அப்படியானால் பள்ளிகளை எப்படித்தான் ஒப்பிடுவது? நியூ ஜெர்சி அரசே ஒரு நல்ல அளவுகோலை வைத்திருக்கிறது. ஒரு பிள்ளையை, கடந்த ஆண்டுகளில் அதே மதிப்பெண் வாங்கிய மாநிலத்தின் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு, இந்த ஆண்டு யார் எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்க்கிறார்கள். தொடக்கப் புள்ளி சமம் என்பதால் பள்ளி செய்த வேலை தெரியவரும். ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் நாடு முழுவதும் உள்ள கல்வி மாவட்டங்களின் கோடிக்கணக்கான தேர்வுத் தாள்களை ஆராய்ந்தபோதும் இதையே கண்டார். சராசரி மதிப்பெண் ஊரின் வசதியைப் பெருமளவு ஒட்டிப் போகிறது. பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு முன்னேறும் வேகம் அப்படி ஒட்டிப் போவதில்லை. ஏழைகள் நிறைந்த சிகாகோவில் ஐந்து ஆண்டில் ஆறு ஆண்டுக்கான முன்னேற்றம் தெரிந்தது. வீட்டு விளம்பரங்களில் வரும் பத்துக்கு எத்தனை என்ற எண்ணில் பெரும்பங்கு பெற்றோரின் சம்பளம். பிள்ளைக்குப் பள்ளி தேடுகிற நம் குடும்பங்கள் மாநில அறிக்கையில் வளர்ச்சிக் கணக்கு இருக்கும் பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

2008-இல் நியூ ஜெர்சி புதிய நிதிச் சூத்திரத்துக்கு மாறியது. அபட் ஊர், மற்ற ஊர் என்ற பிரிவினை போய், ஏழைப் பிள்ளை எந்த ஊரில் இருந்தாலும், ஆங்கிலம் தெரியாத பிள்ளை எந்த ஊரில் இருந்தாலும் கூடுதல் பணம் என்றானது. இரண்டே ஆண்டில் அரசு அதைக் குறைத்தது. 2011-இல் மறுபடி நீதிமன்றம் தலையிட்டு 50 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. ஆண்டுதோறும் மாநிலத் தலைநகர் டிரென்டனில் பட்ஜெட் பேசப்படும்போது யூனியன் சிட்டியின் வகுப்பறைகளும் அந்த மேசையில்தான் இருக்கின்றன. தன் சொந்த வரியில் பள்ளி நடத்த அந்த ஊரால் முடியாது. இதற்கிடையே, 2018-இல் ஆளுநராக வந்த ஃபில் மர்ஃபியின் காலத்தில் 15 பிள்ளை, பட்டம் பெற்ற ஆசிரியர் என்ற பிரீ-ஸ்கூல் ஏற்பாடு அபட் பட்டியலில் இல்லாத மேலும் பல ஊர்களுக்கு விரிந்தது. அந்த ஆண்டு மூன்று வயதில் அதில் சேர்ந்த பிள்ளைகள் 2033-இல் பள்ளி முடிப்பார்கள். அந்த ஊர்களின் பள்ளிகளை யூனியன் சிட்டியோடு வைத்து ஒப்பிடும் நேரம் அப்போதுதான் வரும்.